வெப்ப வியாழன்கள்: விண்மீனை ஒட்டிச் சுற்றும் பெருங்கோள்கள் கண்டறியப்பட்ட வரலாறு

வெப்ப வியாழன்கள் எனப்படுபவை, தம் தாய் விண்மீனுக்கு மிக அருகில் சுற்றிவரும் மாபெரும் வாயுக் கோள்கள் ஆகும். நம் சூரியக் குடும்பத்தின் வியாழனைப் போலவே இவையும் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை. ஆனால் வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. வெப்ப வியாழன்களோ பத்து நாள்களுக்குள், பல வேளைகளில் மூன்று நான்கு நாள்களிலேயே, ஒரு சுற்றை முடித்துவிடுகின்றன. விண்மீனின் அனலால் இவற்றில் பலவற்றின் வெப்பநிலை 1,000 டிகிரி செல்சியசையும் தாண்டுகிறது.

இவ்வகையில் முதலாவதாகக் கண்டறியப்பட்டது 51 பெகாசி பி என்ற கோள். சூரியனைப் போன்றதொரு விண்மீனைச் சுற்றுவதாக உறுதிசெய்யப்பட்ட முதல் புறக்கோளும் இதுவே. (சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோள்கள் புறக்கோள்கள் எனப்படும்.) சுவிட்சர்லாந்தின் ஜெனீவா வானாய்வகத்தைச் சேர்ந்த மிஷல் மேயர், டிடியே கெலோ ஆகிய இருவரும் 1995-ஆம் ஆண்டு இதைக் கண்டறிந்தனர். இதற்காக 2019-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதி இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மறுபாதியை அண்டவியல் ஆய்வுக்காக ஜேம்ஸ் பீபிள்ஸ் பெற்றார்.

இக்கண்டுபிடிப்பில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இதற்குப் போதுமான துல்லியமுள்ள கருவிகள் 1995-க்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தன. இத்தகைய கோள் இருக்கக்கூடும் என்ற கருத்து 1952-இலேயே அச்சில் வந்துவிட்டது. ஆயினும் எவரும் அதைத் தேடவில்லை. பிற கோள் குடும்பங்களும் நம்முடையதைப் போலத்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்பே அதற்குப் பெரிய தடையாக இருந்தது.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது?

1990-கள் வரை வானியலாளர்கள் நன்கு அறிந்திருந்த ஒரே கோள் குடும்பம் நம் சூரியக் குடும்பம்தான். இதில் புதன், வெள்ளி, புவி, செவ்வாய் ஆகிய சிறிய பாறைக் கோள்கள் சூரியனுக்கு அருகில் உள்ளன. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய பெரிய கோள்கள் தொலைவில் உள்ளன.

இந்த வரிசைக்கு ஏற்ற விளக்கமும் இருந்தது. ஒரு விண்மீன் பிறக்கும்போது அதைச் சுற்றி வாயுவும் தூசும் நிறைந்த தட்டு ஒன்று உருவாகிறது. தட்டின் உட்பகுதியில் வெப்பம் அதிகம் என்பதால் அங்கே நீர் பனிக்கட்டியாக உறையாது. பாறையும் உலோகமும் மட்டுமே திண்மமாக இருக்கும். சூரியனிலிருந்து ஏறத்தாழ 3 வானியல் அலகுக்கு அப்பால் சென்றால்தான் பனிக்கட்டி நிலைக்கும். (புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவு, அதாவது ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர், ஒரு வானியல் அலகு ஆகும்.) அங்கே பாறையோடு பனிக்கட்டியும் சேர்வதால் புவியைப் போலப் பத்து மடங்கு நிறையுள்ள கரு விரைவில் உருவாகும். அக்கரு தன்னைச் சூழ்ந்துள்ள ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் ஈர்த்துப் பெருங்கோளாக வளரும். வியாழன் 5.2 வானியல் அலகு தொலைவில் இருப்பது இதற்குப் பொருந்தி வந்தது.

இந்த விளக்கம் இன்றும் பெருமளவு ஏற்கப்படுகிறது. ஆனால் அதனுடன் இன்னொரு முடிவும் சேர்ந்துகொண்டது. பெருங்கோள் எங்கே பிறந்ததோ அங்கேயே இருக்கும் என்பதே அது. அப்படியானால் ஒரு பெருங்கோளைக் கண்டறிய அது ஒரு சுற்றை முடிக்கும்வரை, ஏறத்தாழ பத்து ஆண்டுகள், காத்திருக்க வேண்டும். கோள் தேடியவர்கள் பலரும் அப்படியே திட்டமிட்டனர்.

பொய்த்துப்போன அறிவிப்புகள்

கோள் தேடல் துறைக்கு நற்பெயர் இல்லாததும் இன்னொரு தடையாக இருந்தது. இத்துறையின் பழைய அறிவிப்புகளில் ஒன்று சென்னையிலிருந்து வந்தது. மதராஸ் வானாய்வகத்தின் தலைவராக இருந்த கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஒபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் இயக்கத்தில் ஒழுங்கின்மை இருப்பதைக் கண்டார். அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் காரணமாக இருக்கலாம் என்று 1855-இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகளில் இக்கருத்து நிலைக்கவில்லை.

அமெரிக்காவின் ஸ்புரோல் வானாய்வகத்தைச் சேர்ந்த பீட்டர் வான் டி காம்ப், பர்னார்டு விண்மீனுக்கு வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று இருப்பதாக 1963-இல் அறிவித்தார். பாடநூல்கள் வரை சென்ற செய்தி இது. தொலைநோக்கியின் வில்லைப் பகுதியில் செய்யப்பட்ட மாற்றங்களே அந்தத் தள்ளாட்டமாகத் தோன்றின என்பது 1973-இல் வெளியான ஆய்வுகளுக்குப் பின் தெளிவாயிற்று.

1991-இல் ஆண்ட்ரூ லைன் குழுவினர் ஒரு துடிவிண்மீனைச் சுற்றும் கோளை அறிவித்தனர். புவியின் சுற்றுப்பாதைக்கான திருத்தத்தில் ஏற்பட்ட பிழையே அந்தக் 'கோள்' எனத் தெரிந்ததும், 1992 ஜனவரியில் லைன் அறிஞர் அவையில் எழுந்து தம் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். அவையினர் அவரது நேர்மையைக் கைதட்டிப் பாராட்டினர். அதே மாதத்தில் அலெக்சாண்டர் வோல்ஸ்சானும் டேல் ஃப்ரெய்லும் வேறொரு துடிவிண்மீனைச் சுற்றும் கோள்களை அறிவித்தனர். அவை உண்மையானவை என்று உறுதியாயின. ஆனால் துடிவிண்மீன் என்பது வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சம். சூரியனைப் போன்ற விண்மீனுக்குக் கோள் உண்டா என்ற கேள்வி அப்போதும் விடை காணாமலேயே இருந்தது.

தேடும் முறை: விண்மீனின் தள்ளாட்டம்

விண்மீனின் ஒளியோடு ஒப்பிட்டால் கோள் மிகவும் மங்கலானது. ஆகவே நேராகப் பார்ப்பது கடினம். கோள் தன் விண்மீனின்மேல் உண்டாக்கும் விளைவைக் கொண்டே அதைக் கண்டறிய வேண்டும்.

சிறுவர்கள் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இருவரும் ஒரே எடையுள்ளவர்கள் என்றால் நடுவிலுள்ள புள்ளியை இருவரும் சம வட்டமாகச் சுற்றுவர். ஒருவர் பெரியவர், மற்றவர் சிறு குழந்தை என்றால் குழந்தை பெரிய வட்டத்தில் சுற்றும். பெரியவரும் அசையாமல் நிற்பதில்லை. அவரும் ஒரு சிறு வட்டத்தில் சுழல்கிறார். விண்மீனும் கோளும் இப்படித்தான் தம் பொது நிறைமையத்தைச் சுற்றுகின்றன. வியாழனின் ஈர்ப்பால் நம் சூரியனும் நொடிக்கு ஏறத்தாழ 12.5 மீட்டர் வேகத்தில் ஒரு சிறு வட்டத்தை 12 ஆண்டுகளில் சுற்றுகிறது.

இந்த அசைவை அளக்க டாப்ளர் விளைவு உதவுகிறது. ரயில் நெருங்கும்போது அதன் ஊதல் ஒலி கூர்மையாகவும் விலகும்போது தடித்தும் கேட்பதை அனைவரும் அறிவர். ஒளிக்கும் இது பொருந்தும். விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலையிலுள்ள கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். நம் பார்வைக் கோட்டில் விண்மீன் நெருங்கும் அல்லது விலகும் வேகத்தை ஆரத் திசைவேகம் என்பர். அது ஒரே கால இடைவெளியில் ஏறி இறங்கினால் விண்மீனை ஏதோ ஒன்று சுற்றுகிறது என்று பொருள்.

இந்த நகர்வு மிகச் சிறியது. விண்மீன் நொடிக்கு 56 மீட்டர் வேகத்தில் அசைந்தால், ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 50 லட்சத்தில் ஒரு பங்கே மாறும்.

1952-இல் வந்த யோசனை

ரஷ்யப் பேரரசில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வானியலாளர் ஓட்டோ ஸ்துரூவ, 1952-ஆம் ஆண்டு ஒரு குறுங்கட்டுரை வெளியிட்டார். இரட்டை விண்மீன்கள் சில ஒன்றையொன்று மிக நெருங்கிச் சுற்றுகின்றன. அப்படியிருக்க ஒரு கோள் ஏன் விண்மீனுக்கு அருகில் இருக்கக்கூடாது என்று அதில் கேட்டார். ஒரு வானியல் அலகில் 50-இல் ஒரு பங்கு தொலைவில் கோள் இருந்தால் அது ஏறத்தாழ ஒரே நாளில் விண்மீனைச் சுற்றிவிடும் என்று கணக்கிட்டார். அக்கோள் வியாழனைப் போலப் பத்து மடங்கு நிறையுள்ளதாக இருந்தால், அன்றைய கருவிகளாலேயே விண்மீனின் தள்ளாட்டத்தை அளந்துவிடலாம் என்றும் சுட்டினார். கோள் விண்மீனுக்கு முன்னால் கடந்து சென்றால் விண்மீனின் ஒளி சற்று மங்கும் என்பதையும் குறிப்பிட்டார்.

பிற்காலத்தில் வெற்றி தந்த இரு முறைகளும் அந்தச் சிறு கட்டுரையில் இருந்தன. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காத்திருந்தவர்கள்

கனடாவைச் சேர்ந்த கார்டன் வாக்கர், புரூஸ் கேம்ப்பெல் ஆகியோர் 1980-களின் தொடக்கத்திலேயே துல்லியமான ஆரத் திசைவேக அளவீட்டைத் தொடங்கினர். ஹவாயிலுள்ள கனடா-பிரான்ஸ்-ஹவாய் தொலைநோக்கியில், விண்மீன் ஒளி செல்லும் வழியில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயு நிரப்பிய குடுவையை வைத்தனர். வாயுவின் நிறமாலைக் கோடுகள் அளவுகோலாகப் பயன்பட்டன. அது நச்சு வாயு, கையாள்வது ஆபத்தானது. அந்த நிலையிலும் நொடிக்கு 13 மீட்டர் அளவிலான துல்லியத்தை அவர்கள் எட்டினர். 51 பெகாசியின் தள்ளாட்டத்தைக் கண்டறிய இது தாராளமாகப் போதும்.

ஆனால் ஆண்டுக்குச் சில இரவுகளே தொலைநோக்கி கிடைத்தது. அதனால் 21 விண்மீன்களை மட்டும் 12 ஆண்டுகள் கண்காணித்தனர். வியாழனை ஒத்த கோள் எதுவும் இல்லை என்ற அவர்களது முடிவு 1995 ஆகஸ்டில் வெளியாயிற்று. இரண்டே மாதங்களில் 51 பெகாசி பி அறிவிக்கப்பட்டது.

சூரியனைப் போன்ற விண்மீன்களில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் வெப்ப வியாழன் இருப்பதில்லை என்று இன்று தெரியும். அந்தக் கணக்கில் 21 விண்மீன்களைப் பார்த்தால் ஒன்றுகூடக் கிடைக்காமல் போவதற்கான வாய்ப்பே மிகுதி. அது ஐந்தில் நான்கு பங்கு. கனடியக் குழுவின் அளவீட்டில் பிழை இல்லை. கோள் நெடுங்காலம் எடுத்துச் சுற்றும் என்ற எண்ணத்தால், பல விண்மீன்களைச் சில நாள்கள் பார்ப்பதைவிடச் சில விண்மீன்களைப் பல ஆண்டுகள் பார்ப்பதே சரியெனப் பட்டது.

அமெரிக்காவில் ஜெஃப்ரி மார்சி, பால் பட்லர் ஆகியோர் 1987 முதல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் தேடிவந்தனர். அவர்கள் அயோடின் ஆவி நிரப்பிய குடுவையைப் பயன்படுத்தினர். தரவுகளை அலசக் கணினி நேரம் மிகுதியாகத் தேவைப்பட்டது. குறுகிய காலத்தில் சுற்றும் கோளை எதிர்பார்க்காததால் அவசரமும் இருக்கவில்லை. பல ஆண்டுத் தரவுகள் அலசப்படாமல் சேர்ந்துகிடந்தன.

51 பெகாசி

மேயரும் அவரது ஆய்வு மாணவர் கெலோவும் தெற்கு பிரான்சின் ஓட்-புரோவான்ஸ் வானாய்வகத்தில், 1.93 மீட்டர் தொலைநோக்கியுடன் எலோடி என்ற புதிய நிறமாலைமானியை இணைத்தனர். விண்மீனைப் பார்த்த சில நிமிடங்களிலேயே அதன் ஆரத் திசைவேகத்தைக் கணித்துத் தரும் வசதி அதில் இருந்தது. 1994 ஏப்ரலில் 142 விண்மீன்களைக் கண்காணிக்கத் தொடங்கினர். அவற்றுள் ஒன்று, ஏறத்தாழ 50 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள 51 பெகாசி.

அப்போது மேயர் ஆய்வு விடுப்பில் ஹவாயில் இருந்தார். தனியாகப் பணியாற்றிய கெலோ, 51 பெகாசியின் வேகம் ஒவ்வொரு முறையும் வேறாக இருப்பதைக் கண்டு கலங்கினார். தாம் எழுதிய கணினி நிரலில்தான் பிழை என்று முதலில் கருதினார். எங்கு தேடியும் பிழை கிடைக்கவில்லை. இறுதியில் 4.2 நாள்களுக்கு ஒருமுறை வேகம் ஏறி இறங்குவதை உணர்ந்து மேயருக்குத் தெரிவித்தார்.

வியாழனைப் போன்ற கோள் நான்கு நாளில் சுற்றுவது எந்தப் பாடநூலிலும் இல்லாத செய்தி. முன்னர் பொய்த்த அறிவிப்புகளும் அவர்கள் நினைவில் இருந்தன. 1995 வசந்தகாலத்தில் அவ்விண்மீன் சூரியனின் பக்கம் மறைந்தது. அறிவிப்பை வெளியிடாமல் அது மீண்டும் தோன்றும்வரை காத்திருந்தனர். அந்த இடைவெளியில், ஜூலை மாதத்தில் ஒவ்வொரு இரவும் விண்மீனின் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்து வைத்தனர். ஜூலையில் அளந்தபோது ஒவ்வோர் இரவும் அளவு கணிப்போடு ஒத்துப்போயிற்று.

1995 அக்டோபர் 6 அன்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் மேயர் கண்டுபிடிப்பை அறிவித்தார். மார்சியும் பட்லரும் சில நாள்களிலேயே லிக் வானாய்வகத்தில் அளந்து அதை உறுதிசெய்தனர். கட்டுரை நவம்பர் 23 அன்று 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அதன்பின் மார்சி-பட்லர் குழு, சேர்ந்துகிடந்த தம் தரவுகளை முழுமூச்சாக அலசியது. 1996-இல் அவர்கள் அடுத்தடுத்துப் பல கோள்களை அறிவித்தனர். 3.3 நாளில் சுற்றும் டவ் பூட்டிஸ் பி, 4.6 நாளில் சுற்றும் அப்சிலான் ஆண்ட்ரோமெடே பி ஆகிய வெப்ப வியாழன்களும் அவற்றுள் அடங்கும்.

ஒரு சிறு கணக்கு

51 பெகாசி பி பற்றிய அடிப்படைச் செய்திகளைப் பள்ளி மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். விண்மீனின் நிறை சூரியனுக்குச் சமம் எனக் கொள்வோம். (உண்மையில் அது சற்றே கூடுதல்.)

தொலைவு: கெப்லரின் மூன்றாம் விதிப்படி, ஆண்டுகளில் அளந்த சுற்றுக்காலத்தின் இருமடி, வானியல் அலகில் அளந்த தொலைவின் மும்மடிக்குச் சமம். சுற்றுக்காலம் 4.23 நாள், அதாவது 0.0116 ஆண்டு. இதன் இருமடி 0.000134. அதன் மும்மடி மூலம் 0.051. எனவே கோளின் தொலைவு 0.051 வானியல் அலகு, அதாவது ஏறத்தாழ 77 லட்சம் கிலோமீட்டர். சூரியனுக்கும் புதனுக்கும் இடையிலான தொலைவில் இது எட்டில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதல்.

வேகம்: இத்தொலைவை ஆரமாகக் கொண்ட வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர். 4.23 நாளில் இதைக் கடக்க நொடிக்கு 132 கிலோமீட்டர் வேகம் வேண்டும். புவியின் வேகம் நொடிக்கு 30 கிலோமீட்டரே.

நிறை: விண்மீனின் உந்தமும் கோளின் உந்தமும் சமம். விண்மீனின் வேகம் நொடிக்கு 56 மீட்டர். கோளின் வேகம் 1,32,000 மீட்டர். வகுத்தால் கோளின் நிறை விண்மீனின் நிறையில் ஏறத்தாழ 2,360-இல் ஒரு பங்கு. சூரியன் வியாழனைப் போல 1,047 மடங்கு நிறையுள்ளது. ஆகவே கோளின் நிறை வியாழனின் நிறையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 2015-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் இக்கோளுக்கு வழங்கிய 'டிமிடியம்' என்ற இலத்தீன் பெயருக்குப் பாதி என்பதே பொருள்.

இது குறைந்தபட்ச நிறை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நம் பார்வைக் கோட்டில் உள்ள வேகத்தை மட்டுமே டாப்ளர் முறை அளக்கிறது. கோளின் பாதை சாய்ந்திருந்தால் உண்மையான நிறை இன்னும் கூடுதலாக இருக்கும்.

ஐயமும் சான்றும்

அறிவிப்பை எல்லாரும் உடனே ஏற்கவில்லை. கனடாவின் டேவிட் கிரே 1997-இல், 51 பெகாசியின் நிறமாலைக் கோடுகளின் வடிவமே மாறுவதாக எழுதினார். அப்படியானால் விண்மீனின் மேற்பரப்பு அதிர்வதுதான் காரணம்; கோள் இல்லை என்றாகிவிடும். இன்னும் நுட்பமாக அளந்தபோது அந்த மாற்றம் தென்படவில்லை. கிரே 1998-இல் தம் கருத்தைக் கைவிட்டார்.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று வேறொரு முறையில் கிடைத்தது. 2012 ஜூன் 6 அன்று இந்தியாவிலும் இலங்கையிலும் காலையில் வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னால் ஒரு கரும்புள்ளியாகக் கடந்து சென்றதைப் பலர் பார்த்திருப்பர். இதற்குக் கடப்பு என்று பெயர். தொலைதூர விண்மீனுக்கு முன்னால் ஒரு கோள் கடந்தால் புள்ளி தெரியாது. ஒளி சற்று மங்கும். வியாழனின் விட்டம் சூரியனின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. எனவே பரப்பு நூறில் ஒரு பங்கு. ஒளி ஒரு விழுக்காடு குறையும்.

1999 செப்டம்பரில், ஹார்வர்டு ஆய்வு மாணவர் டேவிட் சார்போனோவும் டிமோத்தி பிரவுனும் அமெரிக்காவின் கொலராடோவில், வெறும் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியால் எச்டி 209458 என்ற விண்மீனைக் கவனித்தனர். அதற்கு 3.5 நாளில் சுற்றும் கோள் இருப்பது டாப்ளர் முறையில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. கணித்த நேரத்தில் விண்மீனின் ஒளி ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் குறைந்து, ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பியது. அரிசோனாவிலுள்ள தானியங்கித் தொலைநோக்கியைப் பயன்படுத்திய கிரெகரி ஹென்றியின் குழுவும் தனியாக இதைக் கண்டது.

தள்ளாட்டத்திலிருந்து நிறையும் மங்கலிலிருந்து விட்டமும் கிடைத்ததால் கோளின் அடர்த்தி தெரியவந்தது. அது நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பாறைக்கோளோ மங்கலான சிறு விண்மீனோ இவ்வளவு இலேசாக இருக்க முடியாது. வெப்ப வியாழன் என்பது உண்மையிலேயே வாயுக் கோள்தான் என்பது உறுதியாயிற்று.

அங்கே எப்படி வந்தன?

விண்மீனுக்கு அவ்வளவு அருகில் பெருங்கோள் உருவாவது கடினம் என்றால் அது வேறிடத்தில் பிறந்து அங்கே வந்திருக்க வேண்டும். இதற்கு இரண்டு முக்கிய விளக்கங்கள் உள்ளன.

முதலாவது, தட்டில் இடம்பெயர்தல். இளங்கோள் தன்னைச் சூழ்ந்த வாயுத் தட்டை ஈர்ப்பால் கலக்குகிறது. தட்டும் திரும்ப இழுப்பதால் கோள் மெல்ல மெல்ல உள்நோக்கி நகர்கிறது. இத்தகைய நகர்வு நடக்கக்கூடும் என்று பீட்டர் கோல்ட்ரைக், ஸ்காட் ட்ரெமைன் ஆகியோர் 1980-இலேயே காட்டியிருந்தனர். 1996-இல் டக்ளஸ் லின் குழுவினர் இதை 51 பெகாசிக்குப் பொருத்திக் காட்டினர். கோட்பாட்டாளர்களிடமும் கருவி கையில் இருந்தது; அதைப் பயன்படுத்தும் தேவைதான் அதுவரை எழவில்லை.

இரண்டாவது, நீள்வட்டப் பாதையில் வந்துசேர்தல். பிற பெருங்கோள்களோ அருகிலுள்ள விண்மீனோ ஈர்ப்பதால் ஒரு கோளின் பாதை மிக நீண்ட நீள்வட்டமாகலாம். விண்மீனை நெருங்கும் ஒவ்வொரு முறையும் ஓத விசை கோளைப் பிசைந்து அதன் ஆற்றலைக் குறைக்கிறது. நாளடைவில் பாதை சிறிய வட்டமாகிறது. எச்டி 80606 பி என்ற கோள் 111 நாள் சுற்றில் 0.88 வானியல் அலகிலிருந்து 0.03 வானியல் அலகு வரை நெருங்குவது இத்தகைய பயணத்தின் நடுக்கட்டம் போலத் தோன்றுகிறது. 2009-இல் அறிவிக்கப்பட்ட வாஸ்ப்-17 பி தன் விண்மீன் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுகிறது. தட்டில் அமைதியாக நகர்ந்து வந்த கோளுக்கு இது பொருந்தாது. இரு வழிகளிலும் கோள்கள் வந்திருக்கலாம் என்றே கருதப்படுகிறது.

இக்கோள்களின் தன்மை

வெப்ப வியாழன்கள் பெரும்பாலும் விண்மீனுக்கு எப்போதும் ஒரே பக்கத்தைக் காட்டிச் சுற்றுபவை. நிலா புவிக்கு ஒரே முகத்தைக் காட்டுவதைப் போன்றது இது. ஒரு பக்கம் நிலையான பகல்; மறுபக்கம் நிலையான இரவு. இந்த வேறுபாட்டால் கடுங்காற்று வீசுகிறது. எச்டி 189733 பி கோளில் மிக வெப்பமான பகுதி, விண்மீன் நேர் மேலே இருக்கும் இடத்திலிருந்து கிழக்கே தள்ளியிருப்பது 2007-இல் கண்டறியப்பட்டது. காற்று வெப்பத்தை அடித்துச் செல்வதே காரணம்.

2017-இல் அறிவிக்கப்பட்ட கெல்ட்-9 பி கோளின் பகல் பக்கம் 4,000 டிகிரி செல்சியசுக்கும் மேல் வெப்பமுடையது. பல விண்மீன்களைவிட இது சூடானது. வாஸ்ப்-12 பி தன் விண்மீனை 1.09 நாளில் சுற்றுகிறது. அதன் சுற்றுக்காலம் ஆண்டுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் 29 பங்கு குறைந்து வருகிறது. கோள் விண்மீனை நோக்கிச் சுருண்டு விழுந்துகொண்டிருக்கிறது என்பது இதன் பொருள்.

புறக்கோளின் வளிமண்டலத்தை ஆராயும் துறையும் இவற்றிலிருந்தே தொடங்கியது. கடப்பின்போது விண்மீனின் ஒளி கோளின் வளிமண்டலத்தில் ஊடுருவி வரும். அதிலுள்ள அணுக்களும் மூலக்கூறுகளும் ஒளியில் தம் தடத்தைப் பதிக்கும். எச்டி 209458 பி கோளில் சோடியம் இருப்பதை ஹப்பிள் தொலைநோக்கி இவ்வாறு காட்டியது. 2022-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, வாஸ்ப்-39 பி கோளில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதைத் தெளிவாகக் கண்டறிந்தது.

அரிய கோள்கள் முதலில் தென்பட்டது ஏன்?

தொடக்க ஆண்டுகளில் கண்டறியப்பட்ட கோள்களில் வெப்ப வியாழன்கள் மிகுதி. அதனால் விண்வெளியில் இவையே அதிகம் என்று எண்ணிவிடக்கூடாது. இவை பெரியவை, விண்மீனுக்கு அருகில் இருப்பவை என்பதால் தள்ளாட்டம் பெரிதாக இருக்கும். சில நாள்களிலேயே சுற்று முடிந்துவிடும். கடப்பு நம் கண்ணுக்குப் படும் வாய்ப்பும் இவற்றுக்குப் பத்தில் ஒன்று. வியாழனைப் போன்ற தொலைவில் அது ஆயிரத்தில் ஒன்றாகக் குறையும். எளிதில் தென்படுவதும் எண்ணிக்கையில் மிகுதியாக இருப்பதும் வெவ்வேறு.

2009-இல் ஏவப்பட்ட கெப்லர் விண்தொலைநோக்கியும் 2018-இல் ஏவப்பட்ட டெஸ் செயற்கைக்கோளும் இந்தப் படத்தைச் சரிசெய்தன. உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 2022 மார்ச்சில் 5,000-ஐக் கடந்தது. புவிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட அளவுள்ள கோள்களே மிகுதி என்பதும், அத்தகைய கோள் நம் குடும்பத்தில் ஒன்றுகூட இல்லை என்பதும் இப்போது தெரியும். ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் பொதுவிதி வகுப்பதன் ஆபத்தை வெப்ப வியாழன்கள் முதலில் உணர்த்தின. பிற கோள்கள் அதை மேலும் உறுதிசெய்துள்ளன.

வானில் 51 பெகாசி

51 பெகாசி விண்மீனைத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் காணலாம். அக்டோபர் மாத இறுதியில் இரவு 9 மணியளவில் ஏறத்தாழ தலைக்கு மேலே பெகாசஸ் குழுவின் பெரிய சதுரம் தெரியும். அச்சதுரத்தின் மேற்குப் பக்கத்திலுள்ள இரு பிரகாசமான விண்மீன்களே பூரட்டாதி எனப்படுபவை. அவற்றுக்கு ஏறத்தாழ நடுவில், சற்று மேற்கே தள்ளி, 51 பெகாசி உள்ளது. நகர வெளிச்சம் இல்லாத ஊர்களில் வெறும் கண்ணால் மங்கலாகத் தெரியும். சாதாரண இருகண்நோக்கி இருந்தால் எளிதில் காணலாம். கோளைக் காண முடியாது. ஆனால் அடுத்த ஐந்து நாள்களுக்குள் அது அந்தச் சிறு ஒளிப்புள்ளியை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்திருக்கும்.